மேலே படாத அடி

கோழிக்குஞ்சு சவப்பெட்டியின் கண்ணாடி மேல் நிற்க மாட்டேன் என்றது. கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. செபா அத்தை அதை இரண்டு கையாலும் அள்ளி, கண்ணாடிக்குக் கீழே கிடந்த அப்பாவின் முகத்துக்கு நேராக நிறுத்தி, கொஞ்சம் அரிசியைத் தூவினாள். குஞ்சு கொத்தத் தொடங்கியது.

"எதுக்கு அத்தை இதெல்லாம்?" என்றாள் பெர்லா.

"கொலையான ஆளுக்கு வைக்கணும்டி. இது இங்க கொத்தக் கொத்த, கொன்னவன் நெஞ்சுல கொத்தும்."

"அவன் நெஞ்சுல கொத்துறதுக்கு என்ன இருக்கு?"

"அதெல்லாம் குஞ்சு பாத்துக்கும். நீ சும்மா இரு."

செபா அத்தை அப்பாவின் தங்கை. சேதி கேட்டு வடக்கே பங்கசினான் மாகாணத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவள், அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும் செய்த முதல் வேலை இங்கே மலபோன் ஊர்ச் சந்தைக்குப் போய் இந்தக் குஞ்சை வாங்கி வந்ததுதான்.

சந்துக்குள் ஏறிவந்த கடல் தண்ணீர் காலையில்தான் வடிந்திருந்தது. சவப்பெட்டிக்கு அடியில் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தார்கள். மேலே நீலத் தார்ப்பாய். சேற்று வாடையோடு மாலைகளின் வாடையும் காபி வாடையும் கலந்திருந்தது. அப்பாவின் முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது. சினிமாவில் அவர் முகத்துக்கு எப்போதும் வெட்டுத் தழும்புதான் வரைவார்கள். இவ்வளவு துப்புரவான முகத்தோடு அவரைப் பார்க்க யாரோ போலத் தெரிந்தது.

அவரோடு சேர்ந்து சினிமாவில் விழுந்து எழுந்த கிழவர்கள் நாலைந்து பேர் ஓரமாக மேசை போட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஃபெர்டி ஒரு கூரையிலிருந்து விழுந்து கால் ஒடிந்தவர். நொண்டிக்கொண்டே வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஒரே படத்துல இவன் மூணு தடவை செத்திருக்கான், தெரியுமாம்மா? மீசை ஒட்டிக்கிட்டு ஒரு தடவை, மீசையை எடுத்துட்டு ஒரு தடவை, முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு தடவை." பெட்டியின் ஓரத்தை விரலால் தட்டினார். "எந்திரிடா டோரோ. கட் சொல்லியாச்சு. சாப்பாடு வந்துடுச்சு."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு மறுபடியும் சீட்டைப் போட்டார்கள்.

டொரோத்தேயோ என்ற டோரோ, நாற்பது வருடம் அடியாள் வேடம் கட்டியவர். கதாநாயகன் குத்துவான், டோரோ மேசையை உடைத்துக்கொண்டு விழுவார். கதாநாயகன் சுடுவான், டோரோ மாடிப் படிகளில் உருளுவார். வசனம் என்று பார்த்தால் "பிடிங்கடா அவனை" என்பதுதான். பகல் முழுக்க அப்படி விழுந்துவிட்டுச் சாயங்காலம் ஜின் குடித்து வீட்டுக்கு வந்ததும் அவருக்கு யாரையாவது அடிக்க வேண்டியிருக்கும். வீட்டில் இருந்தது அம்மாதான்.

பெர்லாவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு சாயங்காலம் அவர் அம்மாவின் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்து, நெற்றியை அடுப்பு மேடையில் இடித்துக்கொண்டிருந்தார். பெர்லா நடுவில் புகுந்தாள். அவர் நிறுத்தவில்லை. அவருடைய முழங்கை பட்டு அவளுடைய தோளில் காறை எலும்பு முறிந்தது. முறிந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. அதற்கப்புறம்தான் நிறுத்தினார். மழை நாட்களில் அந்த எலும்பு இன்றும் வலிக்கும்.

அம்மா சிறுநீரகம் கெட்டுச் செத்தபோது பெர்லா வேறு ஊரில் தங்கித் தொலைக்காட்சித் தொடர்களில் வேலைக்காரியாகவும் நர்ஸாகவும் தலைகாட்டிக்கொண்டிருந்தாள். அடக்கம் முடிந்த அன்று அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினாள். அதோடு பல வருடங்கள் அவரோடு பேசவில்லை.

இனெஸ் என்கிற இளம் இயக்குநர் சின்னச் செலவில் ஒரு படம் எடுத்தாள். பெண்டாட்டியை அடிக்கிற ஒரு மனுஷன், அவனிடமிருந்து தாயை மீட்டுப்போக வரும் மகள். மகள் வேடம் பெர்லாவுக்கு. தகப்பன் வேடத்துக்கு ஒருவரும் பொருந்தவில்லை என்று இனெஸ் அலுத்துக்கொண்டபோது பெர்லா சொன்னாள்: "எங்கப்பாவைக் கூப்பிடு. ஒத்திகையே வேணாம். நல்லாப் பழகின வேலை." பாசத்தில் சொல்லவில்லை. காமெரா முன்னால் அவர் அதைச் செய்ய வேண்டும், நாலு பேர் நின்று பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

அவரைக் கூப்பிட அவளே இந்தச் சந்துக்கு வந்தாள். ஓடைக்கரையில் ஒற்றை அறை. ஒரு தட்டு, ஒரு ஸ்பூன், ஒரு கோப்பை. தொலைக்காட்சியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பையைக் கழுவினார். ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பை. அதில் காபி கலந்து அவளிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்.

"நீங்க குடிக்கலையா?"

"நீ குடிச்சிட்டுக் குடு. அப்புறம் குடிக்கிறேன்."

படத்தைப் பற்றி அவள் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "எந்த சீன்ல சாவேன்?"

"சாக மாட்டீங்க."

"சாகவே மாட்டேனா?"

"இல்ல. கடைசி வரைக்கும் உயிரோட இருக்கணும்."

அவர் யோசித்தார். "அப்ப எனக்கு அது வருமான்னு தெரியலையே," என்றார்.

படப்பிடிப்பில் அந்தச் சண்டைக் காட்சி வந்தது. தாயை மறைத்துக்கொண்டு நிற்கும் மகளைத் தகப்பன் அறைய வேண்டும். அதற்கு முன் அப்பா அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். தொழில் பேசும்போது அவர் குரலே நிமிர்ந்துவிடும்.

"கை உன் கன்னத்துக்கு ஒரு விரல்கடை தள்ளித்தான் போகும். மேல படாது. சத்தத்தை என் தொடையில தட்டி நான் குடுத்துக்குவேன். நீ தலையை மட்டும் திருப்பு. என் கையைப் பாக்காத. தோளைப் பாரு. தோள் அசைஞ்சா திரும்பிடு."

"தெரியும். அம்மாவும் தோளைத்தான் பாப்பா."

அவர் நீட்டியிருந்த கையை இறக்கிக்கொண்டார். மேலே பட்டுவிடாதா என்று விளக்கு பிடிக்கும் பையன்கள் கேட்டபோது, "நாப்பது வருஷத்துல என் கையால யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல தம்பி," என்றார்.

"செட்டுல," என்றாள் பெர்லா.

"என்னம்மா?"

"செட்டுல விழுந்ததில்லன்னு சொல்லுங்க."

முதல் டேக்கிலேயே காட்சி சரியாக வந்துவிட்டது. இனெஸ் கைதட்டினாள். அதைத் திரையில் ஓட்டிக் காட்டினாள். அப்பா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். எத்தனையோ படங்களில் தான் அடி வாங்குவதைப் பார்த்திருக்கிறார். அடிக்கும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுவரை பார்த்ததில்லை. திரும்ப ஓட்டச் சொன்னார். மறுபடியும் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

பெர்லாதான் தேடிப் போனாள். ஜெனரேட்டர் இரைச்சலில் அவர் சத்தமாகக் கேட்க வேண்டியிருந்தது.

"அப்போ இப்படியா இருந்தேன்?"

"இதைவிட மோசமா."

தலையை ஆட்டினார். "அப்ப இன்னொரு தடவை எடுக்கச் சொல்லு. இது பொய்யா இருக்கு."

இன்னொரு தடவை எடுத்தார்கள். அவர் முகத்தில் எதையும் காட்டவில்லை. கோபத்தைக்கூட. ஏதோ அவசர வேலையை முடிக்கப் போகிறவர் மாதிரி வந்தார். பெர்லாவுக்கு அந்த முகம் தெரியும். கை மேலே படவில்லை. ஆனாலும் அவள் காறை எலும்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட் சொன்ன பிறகும் செட்டில் யாரும் அசையவில்லை. அப்பா இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றார். மதியச் சாப்பாட்டின்போதும் வெளியே எடுக்கவில்லை. தட்டில் சோறு காய்ந்தது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். மலபோனிலிருந்து ஜீப்னி என்கிற ஷேர் வண்டிகளில் மாறி மாறி ஏறி, இறால் போட்ட நூடுல்ஸைச் சூடு ஆறாமல் துண்டில் சுற்றி எடுத்து வருவார். உள்ளே வரச் சொன்னால்தான் வருவார். ஒரு வாரம் கொசுவலைக் கதவைச் சரி செய்தார், ஒரு வாரம் ஒழுகும் குழாயை. மன்னிப்பு என்று எதையும் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. ஜின் வாடை மட்டும் அவரிடம் வராமல் போயிற்று. சந்துப் பிள்ளைகளுக்குச் சாயங்காலங்களில் விழுந்து காட்டுகிறார் என்று கேள்விப்பட்டாள். பிள்ளைகள் விரலைத் துப்பாக்கியாக்கிச் சுட்டால், அவர் சுழன்று சுவரில் மோதி, காலை உதறி உதறிச் செத்துக் காட்டுவாராம். "இன்னொரு தடவை தாத்தா" என்று கத்துவார்களாம். அவரும் எழுந்து இன்னொரு தடவை சாவாராம்.

படம் முடிந்ததும் சந்துக்காரர்கள் கேட்டார்கள் என்று, கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி ஒரு ஞாயிறு போட்டுக் காட்டினார்கள். பக்கத்து வீட்டு ரொவேனா முன் வரிசையில் இருந்தாள். அவள் புருஷன் டென்சியோவும் இருந்தான். நவோதாஸ் மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிறவன். அறைகிற காட்சியில், "கிழவன் ஜோராப் போடுறான்யா," என்று அவன்தான் விசிலடித்தான். ரொவேனா திரையைப் பார்க்கவில்லை. திரும்பி, கடைசி வரிசையில் நின்ற அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்லாவுக்கு அது நன்றாக நினைவிருந்தது.

அந்த டென்சியோதான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பாவை ஐஸ் உடைக்கும் ஊசியால் குத்தினான். அவன் ரொவேனாவை அடிக்கும் சத்தம் கேட்டு அப்பா அந்த வீட்டு வாசலுக்குப் போயிருக்கிறார். பிள்ளைகள் ஓடிவந்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். ஐஸ் ஊசி போட்ட ஓட்டையில் ரத்தம் பெரிதாக வரவில்லை. அவர் சரிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பொடியன் "இன்னொரு தடவை தாத்தா" என்றான். பெரியவர்கள் வீட்டுக்குள் இருந்தபடி அந்தக் கைதட்டலைக் கேட்டார்கள். டோரோ வழக்கம்போல விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி துணி எடுக்க வெளியே வந்து பார்த்தபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

டென்சியோவை அன்றே பிடித்துவிட்டார்கள். கிழவன்தான் முதலில் அடித்தான், தப்பிக்கக் குத்தினேன் என்று அவன் சொல்கிறான்.

செபா அத்தை காபிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு பெர்லா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"கடைக்காரி சொன்னா. அந்த ரொவேனாவும் போலீஸ்ல அப்படித்தான் சொல்லியிருக்காளாம். என் அண்ணன்தான் முதல்ல கை நீட்டினார்னு."

"யார் சொன்னது?"

"ரொவேனாடி. பாத்த ஒரே பெரிய ஆளு அவதான். அவ சொன்னா அவ்வளவுதான். போலீஸ்காரன் என்ன கேட்டானாம் தெரியுமா? 'சினிமாவுல ரவுடியா வருவாரே, அந்த ஆளா?' அப்புறம் எவன் நம்புவான்?"

பெர்லா, துக்கத்துக்கு வந்தவர்கள் கொறிக்க வைத்திருந்த தர்பூசணி விதைகளை உடைத்துத் தோலைத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

ரொவேனா அந்த நேரம் பார்த்துத்தான் வந்தாள். பழைய கறுப்புச் சட்டை. கையில் மூடி போட்ட பாத்திரம். சந்து அவளுக்கு வழிவிட்டது. யாரும் வா என்று சொல்லவில்லை. அவள் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். குஞ்சு அவள் பக்கமாக நடந்து வந்தது. பெர்லா எழுந்தாள்.

"என்ன சொன்ன போலீஸ்ல?"

ரொவேனா திரும்பினாள். "அக்கா, அதைத்தான்..."

பெர்லா அறைந்தாள். எவ்வளவு பலமாக அறைந்தாள் என்பது அறைந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பாத்திரம் கீழே விழுந்து அரிசிக் கஞ்சி சேற்றில் ஓடியது. மோதிரம் கிழித்து ரொவேனாவின் கண்ணுக்குக் கீழே ரத்தம் கோடாக எழும்பியது. சீட்டு மேசையில் நாற்பது வருடம் பொய்யடி அடித்த கிழவர்கள் ஒருவர்கூடக் கையை அசைக்கவில்லை.

ரொவேனா பின்வாங்கவில்லை. கத்தவுமில்லை. கண்ணை மூடி, ஒரு தோளை உயர்த்தி, கன்னத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது அடிக்காக நின்றாள்.

பெர்லாவின் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. அதை இறக்கினாள். காபி போட்ட அடுப்பைத் தாண்டி அறையின் பின்பக்கம் போய்த் தண்ணீர் டிரம்முக்குள் கையை முழங்கை வரை விட்டுக்கொண்டு நின்றாள். கை எரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ரொவேனா அங்கே வந்தாள். செபா அத்தை கொடுத்திருப்பாள், கன்னத்தில் ஒரு ஈரத் துணி இருந்தது. அவள் பெர்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை. டிரம்மைப் பார்த்துப் பேசினாள்.

"படம் பாத்த மறுநாள் நான்தான் அவர் கதவைத் தட்டினேன். சும்மாதான். என்ன பேசறதுன்னு தெரியல. 'உங்க வீட்டம்மா எப்படி இருந்தாங்க'ன்னு கேட்டேன். உக்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னார். அடுப்பு மேடை. உங்க எலும்பு. 'இவன் நிறுத்த மாட்டான், நான் நிறுத்தல. அதனால சொல்றேன், உன் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போயிடு'ன்னார். நான் போகல. எங்க போறது."

பெர்லா கையை எடுக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை அவன் என்னை வாசப்படியில போட்டு மிதிச்சான். அவர் வந்தார். நடுவுல வந்து நின்னுக்கிட்டார். ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டார். இவன் அவர் நெஞ்சுல குத்தித் தள்ளினான். 'அடிடா சினிமாக்காரா, எங்க அடி பாக்கலாம்'ன்னான். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'எனக்கு அடிக்கத் தெரியும் தம்பி. அதான் கையைப் பின்னால வெச்சிருக்கேன்'னார்."

"அப்புறம்?"

"உள்ள போய் ஊசியை எடுத்துக்கிட்டு வந்தான். நான் அவர் காலைப் புடிச்சு இழுத்தேன், நகருங்க நகருங்கன்னு. நகரல. குத்தும்போதும் கையை முன்னால கொண்டுவரல அக்கா. பிள்ளைங்களுக்கு விழுந்து காட்டும்போது சுத்திச் சுத்திப் பெரிசா விழுவாரில்ல, அப்படியெல்லாம் விழல. சும்மா களைச்சுப்போய் உக்கார்ற மாதிரி உக்காந்தார். பிள்ளைங்க தட்டினாங்க. நான் கத்தணும்னு வாயைத் தொறந்தேன். சத்தம் வரல."

தண்ணீரில் பெர்லாவின் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"அப்ப ஏன் போலீஸ்ல மாத்திச் சொன்ன?"

"அவன் அண்ணன் பக்கத்துலயே நின்னான். 'பெயில்ல வந்துடுவான், வந்தா முதல்ல உன்னைத்தான் பாப்பான்'னான்." ரொவேனா துணியைத் திருப்பி மடித்து வைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில போய் மாத்திச் சொல்லப் போறேன். நீங்களும் வர்றீங்களா? தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன்."

பெர்லா வருகிறேன் என்று தலையை அசைத்தாள்.

ரொவேனா போனதும் ஃபெர்டி நொண்டியபடி பின்பக்கம் வந்தார். பேசியதைக் கேட்டிருந்தார்.

"போறது நல்லதும்மா. ஆனா ஒண்ணு. கன்னத்தைப் பத்திக் கேட்டா வாயைத் தொறக்காத. அடிச்சு மிரட்டிச் சாட்சியை மாத்த வெச்சாங்கன்னு அவன் வக்கீல் ஒரே போடாப் போட்டுடுவான். கேஸ் போச்சு. உங்கப்பன்தான் ரவுடின்னு முடிஞ்சுடும்."

"சரி," என்றாள் பெர்லா.

மறுநாள் காலை ஜீப்னியில் இருவரும் எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்து போனார்கள். ரொவேனாவின் கன்னம் வீங்கி நீலமாகியிருந்தது. கண்ணுக்குக் கீழே மோதிரக் கீறல் காய்ந்திருந்தது. ஏறியவர்கள் எல்லோரும் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே பார்த்தார்கள். கட்டணம் கைமாறிப் போகும்போது பெர்லாவின் காசு ரொவேனாவின் கை வழியாகத்தான் டிரைவரிடம் போயிற்று.

ஸ்டேஷனில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி இருந்தார். ஓய்வு பெறும் வயது. ரொவேனாவை மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னார். பெர்லா சுவரோரம் நின்றாள். முதலில் சொன்னதை ஏன் மாற்றிச் சொல்கிறாய் என்று அவர் அலுப்போடு கேட்டார். ரொவேனா சொன்னாள். கணினியில் இரண்டு விரலால் அவர் தட்டிக்கொண்டே வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார் என்ற இடம் வந்ததும் அவர் விரல் நின்றது. அவளை ஏறிட்டுப் பார்த்தார். அப்போதுதான் முகம் கண்ணில் பட்டது.

"கன்னத்துல என்ன?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்," என்றாள் ரொவேனா. கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. பழகிய பதில்.

"கதவு," என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். அவருக்கும் அது பழகிய பதில்தான்.

பெர்லா நின்ற இடத்திலிருந்து ரொவேனாவின் பிடரி தெரிந்தது. வாரிக் கட்டிய முடிக்குக் கீழே பழைய தழும்பு ஒன்று, நகம் அளவுக்கு, வெள்ளையாக இருந்தது.

"கதவு இல்ல சார்."

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நான் அடிச்சேன்."

"நீங்க யாரு?"

"செத்தவரோட மக. நேத்து, துக்க வீட்டுல, எல்லார் முன்னாலயும் அடிச்சேன்."

ரொவேனா திரும்பவில்லை. அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். விசிறி ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பி வந்தது.

"இதை எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"மிரட்டி வாங்கின சாட்சின்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அவன் வெளிய வந்துடலாம்."

"தெரியும் சார். எழுதுங்க."

அடுத்த அறையில் யாரோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ரொவேனா, மேசையைப் பார்த்தபடி, நிதானமாகச் சொன்னாள்.

"இதை மாத்திச் சொல்லப் போறேன்னு அவங்ககிட்ட சொல்லத்தான் அங்க போனேன். சொல்றதுக்குள்ள அடி விழுந்துடுச்சு. அதையும் எழுதிக்குங்க."

"அடிச்சவளும் அடி வாங்கினவளும் எப்படிம்மா ஒண்ணா வந்தீங்க?"

"ஜீப்னியில," என்றாள் ரொவேனா.

அதிகாரி கணினிப் பக்கம் திரும்பினார். அடித்து வைத்திருந்த கதவை ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாக அழிக்க ஆரம்பித்தார். அந்தத் தட்டும் சத்தம் நின்றதும், "முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார்.

ரொவேனா பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தாள். பெர்லா போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.